வியர்வை நின்ற மாதம்

முதலில் நான் கவனித்தது வியர்வையைத்தான். யாழினி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மாசி மாதக் காலை, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பால் குடிக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே அவள் நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்த்தது. நாலு வாய் உறிஞ்சுவாள், விட்டுவிடுவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி உறிஞ்சுவாள். பால் குடிக்க ஒரு குழந்தை இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. "பொண்ணு உழைப்பாளி, இப்பவே வேர்க்குது பாரு" என்று மாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. பால் குடிக்கும்போது குழந்தைக்கு நெற்றி வியர்த்தால், அது இதயம் சிரமப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நாங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறோம். என் கணவர் தணிகைவேல் பட்டு நெய்கிறார். நான் பாவு பிணைக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தறியில் ஒரு பாவு (புடவையின் நீளவாக்கில் ஓடும் இழைகள்) முடியப்போகும்போது, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழையதன் நுனியோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். கொஞ்சம் கண் அசந்தால் ஒரு நுனியோடு இரண்டு இழை சேர்ந்துவிடும். நோயைப் பற்றி எழுத வந்தவள் தொழிலைப் பற்றி ஏன் பேசுகிறாள் என்று நினைப்பீர்கள். நாங்கள் செய்த பெரிய தவறு இந்தத் தொழிலிலிருந்துதான் வந்தது.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது, எங்கள் ஊர் குழந்தை மருத்துவர் ஊசியை எடுப்பதற்கு முன் யாழினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கண்ணோரத்தைப் பார்த்தார். காலைத் தூக்கி விட்டார். அது துணி போலத் துவண்டு விழுந்தது. ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. எக்கோ (ஒலி அலைகளைக் கொண்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை) ஒன்றும், ரத்தப் பரிசோதனை ஒன்றும் எழுதிக்கொடுத்தார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கர்ப்பத்தின்போது எடுத்த ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து முடிவுகள் வந்தன. மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். தணிகைவேல் கையில் ஒட்டியிருந்த சாயத்தைப் பார்த்தாரோ என்னவோ, எங்களுக்குப் புரியும் விதத்தில் சொல்ல நினைத்தார்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நாப்பத்தாறு இழை இருக்குதுன்னு வெச்சுக்குங்க. குரோமோசோம்னு பேரு. ரெண்டு ரெண்டா, இருபத்துமூணு ஜோடி. பாப்பாவுக்கு இருபத்தொண்ணாவது ஜோடியில ஒரு இழை கூட இருக்குது. மொத்தம் நாப்பத்தேழு."

இதற்கு டவுன் சிண்ட்ரோம் என்று பெயர் (செல் பிரிவதில் நேரும் பிழையால் ஒரு குரோமோசோம் கூடுதலாக வந்துவிடும் நிலை). உட்கார, நடக்க, பேச, படிக்க எல்லாமே தாமதமாகும். ஆனால் வரும் என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, இதயத்தின் நடுவில் பெரிய ஓட்டை இருக்கிறது என்றார். நான்கு அறைகளும் சந்திக்கும் இடத்தில் சுவர் மூடிக்கொள்ளவில்லை. நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும்.

"மத்தது எல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம்மா. இதயத்தை மட்டும் தள்ளிப்போடாதீங்க." சென்னை மருத்துவமனை ஒன்றுக்குக் கடிதம் எழுதி என் கையில் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் அழுதேன். தணிகைவேல் அழவில்லை. மருந்துக் கடை வாசலில் நின்று, குழந்தையை என்னிடமிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "ஒரு இழைதானே, செல்வி" என்றார்.

"இன்னாங்க சொல்றீங்க?"

"ஒண்ணு கூடிப்போச்சு. அதானே சொன்னாங்க? எடுத்துட்டா சரியாப் பூடும்."

இதைப் படிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கு வரவில்லை. தறியில் அதுதானே நடக்கிறது? நான் தவறி இரண்டு இழையைச் சேர்த்துவிட்டால் துணியில் ஒரு கோடு விழும். அந்த இடம் லேசாகச் சுருங்கும். அவர் குனிந்து பார்ப்பார், கூடுதல் இழையைக் கண்டுபிடித்து அறுப்பார், பின்னால் ஒதுக்கிவிடுவார். அடுத்த முழத்தில் சுருக்கம் தானாகவே சரியாகிவிடும். சுருக்கத்தை யாரும் தனியாக வைத்தியம் பார்ப்பதில்லை. அப்படித்தான் நாங்கள் யோசித்தோம். இதயத்து ஓட்டை என்பது சுருக்கம். இழையை எடுத்துவிட்டால் அது தன்னால் போய்விடும். பச்சைக் குழந்தையின் மார்பை எதற்காக அறுக்க வேண்டும்?

அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். நானும் அதை நம்பினேன். நம்பத்தான் ஆசைப்பட்டேன். சென்னைக்கு எழுதிய கடிதத்தைப் பீரோவில் புடவைக்கடியில் பத்திரமாக வைத்தேன்.

இழையை எடுத்துத் தருபவரைத் தேடினோம். தேடினால் கிடைக்காதது ஒன்றும் இல்லை இந்த நாட்டில். செல்போனில் ஒரு காணொளி வந்தது. ஆற்காடு பக்கம் ஒருவர், பிறவிக் குறைகளுக்குப் பொடி தருகிறார் என்று. போனோம். ரிப்போர்ட்டைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் படித்தார். "ஆறு மாசம் குடுங்க. அந்த ஒண்ணு கரைஞ்சு வெளிய வந்துடும்" என்றார். கரையும் என்கிற சொல் எனக்கு அறுப்பதைவிட இதமாக இருந்தது.

தேனில் குழைத்து, காலையும் மாலையும் நாக்கில் தடவினோம். தடுப்பூசிக்கு அந்த மருத்துவரிடம் போவதை நிறுத்திவிட்டு, செவிலிமேட்டில் வேறு இடத்துக்குப் போனோம். ஏன் இன்னும் சென்னை போகவில்லை என்று அவர் கேட்பாரே என்ற பயம். கேட்க வேண்டியதைக் கேட்கக்கூடிய ஒரே ஆளை விட்டு நாங்களே ஒதுங்கினோம்.

ஆறாம் மாதம் வியர்வை நின்றது.

ஆமாம், நின்றே விட்டது. பால் குடிக்கும்போது மூச்சு வாங்குவதும் குறைந்தது. இரவெல்லாம் சிணுங்கியவள் தூங்க ஆரம்பித்தாள். முதல் முறையாக என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். "பாத்தியா, இழை கரையுது" என்று தணிகைவேல் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். மாமியார் தெருவுக்கே சர்க்கரைப்பொங்கல் கொடுத்தார். அந்த மாதத்தைப்போல் நான் வேறு எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாத மாதமும் அதுதான்.

கார்த்திகை வந்தது. எங்கள் ஊரில் கார்த்திகை ஞாயிறுகளில் கச்சபேஸ்வரர் கோயிலில், புது மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்து பிராகாரத்தைச் சுற்றுவார்கள். தலை சம்பந்தமான நோய்கள் தீரும் என்பது நம்பிக்கை. யாழினியின் புத்தி வளர்ச்சிக்காக வேண்டிக்கொண்டோம். இழைக்குப் பொடி, தலைக்கு விளக்கு. இதயத்துக்கு ஒன்றுமில்லை.

தணிகைவேல் ஈர வேட்டியோடு சட்டியைச் சுமந்துகொண்டு முன்னால் போனார். நான் குழந்தையோடு பின்னால். நெரிசலில் நகர முடியாமல் ஓரிடத்தில் நின்றபோது, பக்கத்தில் நின்ற பெண் யாழினியையே உற்றுப் பார்த்தார். அவர் தலையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, பாப்பா உதடு எப்பவும் இப்டித்தான் இருக்குமா?"

"காலையில தலைக்கு ஊத்தினேன்க்கா. குளிரு."

"நகத்தைக் காட்டு."

காட்டினேன். நாவற்பழம் தின்றவள் நகம்போல இருந்தது. நான் அதுவரை பார்க்கவில்லையா, பார்த்தும் பார்க்காமல் இருந்தேனா என்று எனக்கே தெரியாது.

"நான் நர்ஸுமா. இது குளிரு இல்ல. நாளைக்கே இட்டுக்கினு போ. இதயம் பாக்குற எடத்துக்குப் போ. வேற எங்கயும் போவாத."

கூட்டம் நகர்ந்தது. அவர் தலை விளக்கு மற்ற விளக்குகளோடு கலந்துவிட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் சென்னையில், இதய மருத்துவர் பழைய கடிதத்தின் தேதியைப் பார்த்தார். இளைஞர். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பால் குடிக்கும்போது வியர்க்குமா என்று கேட்டார்.

"மொதல்ல வேர்த்தது டாக்டர். ஆறாம் மாசம் நின்னு போச்சு. அதுலேருந்து நல்லாத்தான் இருக்குது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஓட்டை வழியா நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் போச்சும்மா. அதனாலதான் மூச்சு வாங்குச்சு, வேர்த்துச்சு. தாங்க முடியாம அங்க இருக்கிற ரத்தக்குழாய் தடிச்சு இறுகிடுச்சு. உள்ள போற ரத்தம் குறைஞ்சுது. அதனால வேர்வை நின்னுது. அது குணமானது இல்ல."

சர்க்கரைப்பொங்கலின் மணம் மூக்கில் வந்தது.

"இப்ப ஆபரேசன் பண்ணிடலாமா சார்?" என்று தணிகைவேல் கேட்டார்.

"குழாய் ரொம்ப இறுகியிருந்தா ஓட்டையை மூட முடியாது. மூடினா இதயம் நின்னுடும். டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும்."

கதீட்டர் சோதனை (தொடையின் ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி அழுத்தத்தை அளப்பது) மூன்று நாள் கழித்து என்று முடிவானது. ஆக்சிஜன் கொடுத்துப் பார்ப்பார்கள். நுரையீரல் அழுத்தம் இறங்கினால் அறுவை சிகிச்சை உண்டு. இறங்காவிட்டால் மாத்திரைகளோடு வீட்டுக்கு. எத்தனை வருடம் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த மூன்று நாளில் ஒரு மதியம் மரபியல் மருத்துவர் (பரம்பரைக் கூறுகளையும் குரோமோசோம்களையும் பற்றிப் படித்தவர்) வார்டுக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். யாழினியின் குரோமோசோம் படத்தைக் கட்டிலில் விரித்தார். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சின்னச் சின்னத் துண்டுகள், இரண்டிரண்டாக, வரிசையாக. இருபத்தொன்று என்று எழுதிய இடத்தில் மூன்று இருந்தன. எல்லாவற்றிலும் சிறியவை.

தணிகைவேல் தறியில் குனிவதுபோலக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிழை இழையைக் கண்டுபிடிப்பதில் எங்கள் தெருவிலேயே அவருக்கு நிகர் கிடையாது.

"இந்த மூணுல எதும்மா அதிகமா வந்தது?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. மூணும் ஒரே மாதிரிதான். மூணும் பாப்பாவோடதுதான்."

"ஒண்ணை எடுக்கறதுன்னா?"

"எங்கேருந்து எடுப்பீங்க? தோல், ரத்தம், எலும்பு, மூளை, எல்லா எடத்துலயும் இதே மாதிரிதான் இருக்குது. இது கடைசியில வந்து ஒட்டிக்கிட்டது இல்லீங்க. பாப்பா ஆரம்பிச்சதே இப்படித்தான்."

அவர் நிமிர்ந்தார். ஜன்னலோரம் போய், லுங்கி ஓரத்து நூல் ஒன்றைப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் அந்த இழை பற்றிய பேச்சு நின்றது.

என் கேள்வி வேறு. ஏழு மாதமாகக் கேட்கப் பயந்துகொண்டிருந்தேன். நான் கிரகணத்தன்று வெளியே வந்தேன். எட்டாம் மாதம்வரை குனிந்து பாவு பிணைத்தேன். அவரோடு சண்டை போட்டு ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் கிடந்தேன். இதில் எதனால் இப்படி ஆனது என்று அந்த மருத்துவரிடம் கேட்டேன்.

"எதுவும் இல்லம்மா" என்றார். பிறகு சொன்னது என் மனதில் அப்படியே நிற்கிறது. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. குரோமோசோம் ஜோடிகள் பிரியும் வேலை அப்போதே தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. வருடக்கணக்காகக் காத்திருந்து, முட்டை வெளிவரும் மாதத்தில்தான் தொடர்கிறது. அப்போது சில நேரம் ஒரு ஜோடி பிரியாமல் சேர்ந்தே ஒரு பக்கம் போய்விடும். அப்பாவின் உயிரணுவிலும் நடக்கலாம், பெரும்பாலும் முட்டையில்தான். வயது கூடக் கூட அதிகம் நடக்கும், இளவயதிலும் நடக்கும். யாரும் செய்வதில்லை, யாராலும் தடுக்கவும் முடிவதில்லை.

சோதனையன்று நடைபாதையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். தணிகைவேல் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நான்தான் லேட் பண்ணிட்டேன், செல்வி. நம்ம ஊரு டாக்டரம்மா தெளிவாத்தான் சொன்னாங்க. எனக்கு இழை மட்டுந்தான் காதுல வுழுந்துது."

"கடுதாசிய பொடவைக்கடியில வெச்சது யாரு?"

"நீ என் பேச்சக் கேட்டு வெச்ச."

"எனக்கும் அதான் வேண்டியிருந்தது. வுடுங்க. இப்ப அழுவாதீங்க, யாராவது பாப்பாங்க."

அவர் அழுதார். நான் முந்தானையைக் கொடுத்தேன். பல பேர் பார்த்தார்கள், பார்த்தால் என்ன.

அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான். இதய மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை, இன்னும் மூன்று மாதம் தள்ளியிருந்தால் அறுவை சிகிச்சைக்கே வழியிருந்திருக்காது. இப்போது எல்லைக்கோட்டில் நிற்கிறோம். ஓட்டையை மூடி, நடுவில் சின்னத் துளை ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள், அழுத்தம் ஏறினால் ரத்தம் தப்பிக்க வழி வேண்டுமே என்று. ஆபத்து அதிகம். கையெழுத்துப் போடுகிறீர்களா என்றார்.

போட்டோம்.

அறுவை சிகிச்சை ஏழு மணி நேரம் நடந்தது. அதன்பின் ஒன்பது நாள் வென்டிலேட்டர் (மூச்சு கொடுக்கும் இயந்திரம்). இரண்டு முறை நுரையீரல் அழுத்தம் திடீரென்று ஏறி, எங்களைக் கூப்பிட்டு நிலைமை மோசம் என்றார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திரையில் மாறும் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஒன்பது நாளில் கிழமை எனக்கு மறந்துபோனது. நேரம் என்பது இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியாக ஆகிவிட்டது. பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். அவளுக்குக் குரல் வரவில்லை. வாயை மட்டும் திறந்து சத்தமில்லாமல் அழுதாள். நான் அதற்குமுன் அவ்வளவு அழகான அழுகையைப் பார்த்ததில்லை.

இப்போது அவளுக்கு மூன்றரை வயது. ஒன்றரை வயதில் உட்கார்ந்தாள், போன தை மாதம் நடந்தாள். ஏழெட்டுச் சொல் பேசுவாள். அதில் இரண்டு கெட்ட வார்த்தை, எங்கே கற்றாளோ. நுரையீரல் அழுத்தம் முழுதாக இறங்கவில்லை. மூன்று வேளை மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. ஒவ்வொரு முறையும் மருத்துவர் "இப்போதைக்கு நல்லா இருக்குது" என்கிறார். 'இப்போதைக்கு' என்ற சொல்லோடு வாழக் கற்றுக்கொண்டோம். அவளைப் பார்த்து யாராவது "பாவம்" என்று உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பாவம் இல்லை. அவளிடமிருந்து நாங்கள் பறித்த மாதங்கள்தான் பாவம்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு ரிப்போர்ட் இன்று கைக்கு வந்திருந்தால், அந்தக் கூடுதல் ஒன்றை எங்கும் தேடாதீர்கள். அது உங்கள் குழந்தைதான். இதயத்தைப் பாருங்கள். கடிதத்தை எந்தப் புடவைக்கடியிலும் வைக்காதீர்கள்.

என் உடம்பை நான் முன்பு நினைத்ததுபோல இப்போது நினைப்பதில்லை. நான் பிறந்து பத்து வருடத்தில் இறந்துபோன என் அம்மா யாழினியைப் பார்த்ததில்லை. ஆனால் என்னைச் சுமந்த மாதங்களில் யாழினியின் பாதியையும் அவள் சுமந்திருக்கிறாள். நான் பள்ளிக்கூடம் போனபோது, முதல் பாவு பிணைத்தபோது, தாலி கட்டிக்கொண்டபோது, எல்லா நாளும் அந்த முட்டை எனக்குள் பாதி வேலையோடு காத்திருந்தது. எது எப்போது தொடங்கியது என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

நேற்று மதியம் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். யாழினி தெருவிலிருந்து தத்தித் தத்தி ஓடிவந்து என் மடியில் விழுந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. என் கை நின்றுவிட்டது. உதட்டைப் பார்த்தேன், சிவப்பு. நகத்தைப் பார்த்தேன், சிவப்பு. மார்பில் சாம்பல் விரலை வைத்து, தழும்பின் மேலேயே, ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. தறியிலிருந்து தணிகைவேல், "இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. ஓடியாந்திருக்கா. வேர்த்திருக்குது."

அவள் என் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் வெயிலில் ஓடினாள்.